இரண்டாம் தொட்டியின் கொசு

சீத்தாங்குறிச்சியின் கொசுக்கள் எந்த ஆண்டில் இரண்டு இனங்களாகப் பிரிந்தன என்பதை யாரும் குறித்துவைக்கவில்லை, ஏனென்றால் இரண்டாகப் பிரிந்திருப்பது எதுவும் அந்த ஊரில் குறித்துவைக்கத்தக்க செய்தியாக இருந்ததில்லை: சுடுகாடு இரண்டு, முடிவெட்டும் கடை இரண்டு, ரேஷன் கடையில் வரிசை இரண்டு, தார்ச்சாலைக்கு மேற்கே ஊருக்கென்று ஒரு மேல்நிலைத் தொட்டி, கிழக்கே காலனிக்கென்று இன்னொரு மேல்நிலைத் தொட்டி. மேற்குத் தொட்டியில் பிறந்த கொசு மேற்கே கடித்து மேற்கே முட்டையிட்டது. கிழக்குத் தொட்டியில் பிறந்தது கிழக்கே கடித்துக் கிழக்கே முட்டையிட்டது. மனிதருக்குப் பத்தாண்டு என்பது கொசுவுக்கு நூற்றைம்பது தலைமுறை. கூடுவதற்கு முன் ஆணும் பெண்ணும் தம் சிறகொலியை ஒன்றோடொன்று சுதி சேர்த்துக்கொள்வது கொசுக்களின் வழக்கம். மேற்கின் சுதி ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டும் கிழக்கின் சுதி இறங்கிக்கொண்டும் போக, ஒருநாள் ஒன்றின் குரல் மற்றொன்றின் காதில் விழவே இல்லை. மேற்கின் கொசுவுக்குக் காலில் வெள்ளை வளையங்கள், கிழக்கின் கொசுவுக்கு வைக்கோல் நிற வளையங்கள். மேற்கின் கொசு கிழக்கு மனிதரைத் தொடாது, கிழக்கின் கொசு மேற்கு மனிதரைத் தொடாது. மனிதர்கள் அத்தனை தலைமுறைகளாக முயன்றும் ரத்தத்தில் எழுத முடியாமல் சாலையிலும் சுவரிலும் சுடுகாட்டிலும் எழுதிவைத்திருந்ததைக் கொசுக்கள் ரத்தத்திலேயே எழுதி முடித்தன.

முதலில் அறிந்தவள் அஞ்சுகம். காலனிக்காரியான அவள், பன்னிரண்டு ஆண்டுகளாகக் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர். கையில் டார்ச்சும் கரண்டியும் மருந்துக் குப்பியுமாக வீடு வீடாகச் சென்று அண்டா, உரல், பழைய டயர், குளிர்பெட்டியின் பின்புறத் தட்டு எல்லாவற்றையும் எட்டிப்பார்த்துவிட்டு, வாசல் சுவரில் தேதி எழுதிக் கையெழுத்திடுவது அவள் வேலை. இரண்டு தொட்டிகளிலும் ஏறிப் பார்க்க அனுமதி பெற்ற ஒரே ஆளும் அவள்தான். மேற்குத் தொட்டியில் மட்டும் அவளுக்கு ஒரு விதி: கரண்டி நீரைத் தொடலாம், விரல் தொடக் கூடாது. ஒருநாள் காலை மேற்குத் தெருவில், ஒரு வீட்டுக்கார அம்மாள் தன் தோளிலும் முழங்காலிலும் பட் பட்டென்று அடித்துக்கொண்டே அவளைக் கூர்ந்து பார்த்தார்.

"ஏன்டி அஞ்சுகம், என்ன எண்ணெய் தடவிக்கிற? எங்களப் பிச்சுத் திங்குது, உன் மேல ஒண்ணுகூட உக்கார மாட்டேங்குது?"

"எண்ணெயா? தலைக்கே தடவி நாலு நாளாச்சும்மா. உங்க வீட்டுக் கொசு உங்க பேச்சக் கேட்டு நடக்குது."

அந்த அம்மாள் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, மாலைக்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்தார்.

இவ்வாறு அந்த அதிசயம் ஊருக்குள் வந்தது; வந்த விருந்தாளிக்குப் பாய் விரிப்பதைப் போல ஊர் அதற்கு இடம்கொடுத்தது. மேற்கே சிலர் தம் கொசுக்கடித் தடிப்பைச் சொறியாமல் விட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். வெளியூரிலிருந்து புதிதாக வந்த கணக்கு ஆசிரியர் தான் யார் என்று சொல்லாமலே இருந்தபோது, முன்பென்றால் அப்பா பெயர், குலதெய்வம், சொந்த ஊர் என்று மூன்று மாதம் சுற்றிவளைத்துக் கேட்டிருப்பார்கள். இப்போது அவர் கையை ஒரு வாரம் கவனித்தார்கள், வியாழக்கிழமை அவர் புறங்கையில் வெள்ளை வளையக் கொசு ஒன்று உட்கார்ந்தது, ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கறிச்சோறு கிடைத்தது. பெண் பார்க்க வருகிறவர்களை மாலை ஐந்து மணிக்கு வரச் சொல்லி, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காரவைப்பது நாகரிகமாயிற்று. தேர்தலில் வாக்குக் கேட்டுக் கிழக்கே வந்த மேற்குத் தெருக்காரர்கள் ஒரு கடியும் இல்லாமல் திரும்பிப்போய், காலனியைப் போலச் சுகாதாரமான இடம் மாவட்டத்திலேயே இல்லை என்று மேடையில் பேசினார்கள்.

கிழக்கே அதை வேறுவிதமாக ஏற்றுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அஞ்சுகமும் சேர்ந்து நாற்று நடப் போகும்போது அவள் பக்கத்து வீட்டுக்காரி சிட்டு, பொழுது முழுக்க அதைப் பற்றியே பேசுவாள்.

"நல்லதுதான் போங்கடி. விடிஞ்சதுலேர்ந்து அவங்க வயக்காட்டுல கிடக்குறோம், ஒரு கடி இல்ல. நம்ம ரத்தம் அதுக்குக் கசக்குதாம்."

"கசக்குதா? நம்ம ரத்தத்துல அவங்க ஒண்ணும் மிச்சம் வச்சிருக்க மாட்டாங்கன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கும்," என்பாள் அஞ்சுகம்.

பெண்கள் சிரிப்பார்கள். கொசுக்கள் பிரிந்தால் அவை சுமக்கும் நோயும் பிரியும் என்பதை அப்போது யாரும் எண்ணவில்லை.

மேற்கின் கொசு கொடுத்த காய்ச்சலுக்குப் பெயர் இருந்தது, பரிசோதனை இருந்தது, மருந்து இருந்தது. மாவட்ட ஆய்வகத்தின் முறை எளியது: கொசுவையோ அதன் புழுவையோ அனுப்பினால் நஞ்சைப் பார்த்து அதற்கேற்ற மருந்தை மறுநாளே அனுப்புவார்கள், மேற்கே மூன்று ஆண்டுகளில் அறுபது பேர் படுத்தார்கள், அறுபது பேரும் எழுந்தார்கள். கிழக்கின் கொசு கொடுத்த காய்ச்சலுக்குப் பெயர் இல்லாததால் அதை வறட்சி என்று அழைத்தார்கள். மூன்றாம் நாள் அது உடலிலிருந்து தாகத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். அதன் பிறகு ஊற்றிய நீரெல்லாம் தொண்டைவரை சென்று, சூடேறாமல், கலங்காமல், கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தது போலத் திரும்பி வரும்; நரம்பில் ஏற்றினாலும் ஏற்றிய இடத்திலேயே தோல்வழியே கசிந்து வெளியேறும். பத்தாம் நாள் உயிர் போகும். ஐந்து பேர் போயிருந்தார்கள். மருத்துவமனையின் பரிசோதனைத் தாளில் அவர்கள் ஐவருக்கும் எந்தக் கோடும் விழவில்லை, ஆகவே ஐவரும் வேறு காரணங்களால் இறந்ததாக எழுதப்பட்டது.

ஆய்வகத்துக்குக் கிழக்கின் கொசுவை ஏன் யாரும் அனுப்பவில்லை என்றால், அனுப்பும் படிவத்தில் மூலத் தொட்டியின் எண் என்று ஒரு கட்டம் இருந்தது, சீத்தாங்குறிச்சியில் இருந்ததோ ஒரே ஒரு தொட்டி. நான்கு ஆண்டுகளுக்கு முன், எதுவும் இரண்டாக இல்லாத ஊர் என்று அரசு அந்த ஊராட்சிக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தது. ஆய்வுக்கு அதிகாரி வந்த அரைநாளில் ஒரு முடிவெட்டும் கடை பூட்டிக்கிடந்தது, ரேஷன் வரிசைகள் ஒன்றாயின, ஆனால் தொட்டியை மறைக்க முடியவில்லை. அதிகாரி அஞ்சுகத்தை அழைத்து, நீதானே ஏறிப் பார்க்கிறவள், மொத்தம் எத்தனை என்று கேட்டார். கேடயம் கிடைத்தால் காலனியின் சுடுகாட்டுக்கு நேர்ப்பாதை போட்டுத் தருவதாக ஊராட்சித் தலைவர் வாக்களித்திருந்தார். அதுவரை காலனிக்காரர்கள் தம் பிணங்களை வரப்பில் ஒற்றை ஆளாக நடந்து, மழைக்காலத்தில் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தூக்கிச்சென்றார்கள். அஞ்சுகம் தன் மாமனாரை அப்படித் தூக்கிச்சென்றபோது பாடை சரிந்ததைப் பார்த்தவள். ஒன்று என்றாள். அதிகாரி இரண்டாம் தொட்டியின் நிழலில் நின்றுகொண்டு ஒன்று என்று எழுதினார், அதன் கீழே அவள் கையெழுத்திட்டாள். பாதையும் வந்தது. அந்த ஊரில் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது. அதனால்தான் அது அத்தனை பேரைக் கட்டிப்போட்டது.

அஞ்சுகத்தின் மகள் கவிநயாவுக்கு ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும், பேச்சை நிறுத்தத் தெரியாத பிள்ளை. புதன்கிழமை காலை அம்மா நீட்டிய தம்ளரைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு வாய் குடிடி தங்கம்."

"வேணாம்மா. தண்ணி எங்கூட டூ விட்ருச்சு."

அஞ்சுகம் தம்ளரைக் கீழே வைத்தாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு கிழக்குத் தொட்டியில் ஏறி, வைக்கோல் வளையக் கொசுக்கள் நான்கைக் குப்பியில் பிடித்து, சுகாதார ஆய்வாளர் மதிவாணனின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். மதிவாணன் கெட்டவர் இல்லை. பணிந்துபோவதைப் பழக்கமாகக்கொண்டவர், அதனால் கெட்டவர்களுக்கு மிகவும் பயன்பட்டவர்.

"பிள்ளைக்கு மூணாம் நாள் சார். இத ஆய்வகத்துக்கு அனுப்புங்க."

"எந்த நம்பர் போட்டு அனுப்புறது அஞ்சுகம்?"

"ரெண்டுன்னு போடுங்க."

"இல்லாத தொட்டிக்கு ரெண்டுன்னு போட்டா, இது எப்ப முளைச்சுதுன்னு என்னைத்தான் கேப்பாங்க." அவர் கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். "ஒண்ணுன்னு யார் சொன்னது? பாரு. யார் கையெழுத்து?"

அவள் பார்க்கவில்லை. "அப்ப ஒண்ணுன்னு போட்டே அனுப்புங்க."

"ஒண்ணாம் நம்பர் மாதிரிய நான் நேர்ல போயி அந்தத் தொட்டியிலேர்ந்து எடுக்கணும். சட்டம் அப்படி. ஊராட்சி தீர்மானம் வாங்கிட்டு வா, ரெண்டாந் தொட்டி இருக்குன்னு. இன்னிக்கே அனுப்புறேன்."

தலைவர் வைரக்கண்ணு அவளை உட்காரச் சொன்னார். கேடயம் வந்த நாளிலிருந்து எல்லாரையும் உட்காரச் சொல்வது அவர் வழக்கம், எல்லாரும் நின்றுகொண்டே இருப்பது அவர்கள் வழக்கம்.

"நானா வேண்டாங்குறேன் அஞ்சுகம்? புள்ள உசிரு. ஆனா கேடயம் போனா அதோட வந்ததெல்லாம் போகும், பாதையுந்தான். அது எங்க ஆளுங்க பட்டா நெலம். நீ உங்க ஆளுங்களக் கேட்டுட்டு வா. அவங்க சரின்னா நாளைக்கே தீர்மானம்."

காலனி மறுநாள் காலை, வேலைக்குப் போகும் முன், சமுதாயக் கூடத்தில் கூடியது. அஞ்சுகம் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவள் கணவன் ராசப்பன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளையின் உதடுகளை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தான், ஈரம் உதட்டில் நிற்காமல் வழிந்தது. காலனியின் பெரியவர் மாசிலாமணி பேசினார்.

"எம் பேத்தி போனப்ப நான் கேக்கல அஞ்சுகம்."

"கேட்டிருக்கணும் மாமா."

"கேட்டிருக்கலாம். கேட்டா பாதைய அடைப்பான். நாளப்பின்ன ஒருத்தரு போயிட்டா மறுபடி அந்தச் சேத்துல..." அவர் ராசப்பனின் மடியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"வாயக் கழுவுங்க மாமா," என்று சிட்டு கத்தினாள். "உசிரோட இருக்குற புள்ளைய வச்சிக்கிட்டுப் பொணத்துக்குப் பாதை பேசுறீங்க. உங்க பாதையில கொள்ளி வைக்க!"

தீர்மானம் வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் மாசிலாமணி. அஞ்சுகம் தூக்கினாள். ராசப்பன் பிள்ளையின் தலையைத் தாங்கியிருந்த கையை எடுத்து மற்றொரு கையில் தலையை மாற்றிவிட்டுத் தூக்கினான். சிட்டு அழுதாள், முந்தானையால் மூக்கைச் சிந்தினாள், படுத்தபடுக்கையாய்க் கிடக்கும் தன் தாயை நினைத்தாள், அவள் இரண்டு கைகளும் முந்தானையிலேயே இருந்தன. இரண்டு கைகள் எழுந்த அந்தக் கூடம், எழாத தன் கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், ஒவ்வொருவராக வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போயிற்று.

ஒரே தொட்டி என்றால் ஒரே தொட்டியாக இருக்கட்டும் என்று அஞ்சுகம் முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மூன்று குப்பி நிறையக் கிழக்கின் கொசுப்புழுக்களைப் பையில் வைத்துக்கொண்டு, தேநீர்க்கடை பார்க்க, பேருந்து நிறுத்தம் பார்க்க, மேற்குத் தொட்டியின் இரும்பு ஏணியில் எப்போதும் போல ஏறி, மூடியை நகர்த்தி, மூன்றையும் கவிழ்த்தாள். காலனியின் நீர் அந்தத் தொட்டியில் விழுந்தது அதுவே முதல் முறை. அதற்குச் சத்தம் எதுவும் இல்லை. டார்ச்சை அடித்துப் பார்த்தாள். புழுக்கள் சற்று நேரம் தலைகீழாகத் துள்ளின, கலந்தன, பிறகு மேற்கின் புழுக்கள் ஒரு பக்கமும் கிழக்கின் புழுக்கள் மறுபக்கமுமாக விலகின, நடுவே ஒரு சாண் அகலத்துக்கு வெறும் நீர் நின்றது. கரண்டியால் கலக்கினாள், மறுபடி விலகின. கரண்டியை விட்டுவிட்டுக் கையை முழங்கைவரை இறக்கிக் கலக்கினாள்; அந்த ஊரில் அதற்குக் கிடைக்கக்கூடியது என்னவென்று அவளுக்குத் தெரியும். புழுக்கள் அவள் விரல்களுக்கிடையே புகுந்து தத்தம் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இருந்தும் மதிவாணன் பதினொரு மணிக்கு வந்து, அவள் கெஞ்சியதற்காக ஏறி, ஒன்றாம் எண் தொட்டியிலிருந்து சட்டப்படி மாதிரி எடுத்தார். கரண்டியில் இருபக்கத்தவையும் வந்தன. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவருக்கு எல்லாம் புரிந்தது. புரியாதவர் போல மூடியை இறுக்கி அனுப்பிவைத்தார். அவர் வாழ்நாளில் செய்த வீரச்செயல் அது ஒன்றுதான், அதுவும் போதவில்லை. திங்கட்கிழமை காலை பதில் வந்தது: ஒரே மூலத்தில் ஒன்றையொன்று சேராத இரண்டு இனங்கள் இருக்க இயலாது, மாதிரி கலப்படமானது, நிராகரிக்கப்படுகிறது.

அன்று கவிநயாவுக்கு எட்டாம் நாள். பேச்சு நின்றிருந்தது, கண்ணீர் நின்றிருந்தது, தோலைக் கிள்ளினால் கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. அஞ்சுகம் காவல் நிலையத்துக்குப் போனாள். பிள்ளைக்கு இனி ஒரு தாள் வேண்டும், ஏதாவது ஒரு அரசுத் தாள், அதில் இரண்டு தொட்டிகள் என்று யாராவது எழுதியிருக்க வேண்டும். நல்லவர்களின் தாளில் எழுத மாட்டார்கள் என்றால் குற்றவாளிகளின் தாளிலாவது எழுதட்டும் என்பது அவள் கணக்கு.

"என்மேல கேஸ் போடுங்க," என்றாள். "ஊர்த் தொட்டியில காலனித் தொட்டிப் புழுவக் கொட்டினேன். கையையும் விட்டேன்."

எழுத்தர் பேனாவை மூடினார். "எந்தத் தொட்டியிலேர்ந்து?"

"காலனித் தொட்டியிலேர்ந்து."

"அப்படி ஒண்ணு இருக்கா?" அவர் மேசைக்குப் பின்னிருந்த ஊராட்சிப் பட்டியலில் விரலை ஓட்டினார். "உங்க ஊர்ல தொட்டி ஒண்ணுதாம்மா. ஒரு தொட்டித் தண்ணிய அதே தொட்டியில ஊத்துனதுக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போடுறது?"

"வந்து பாருங்க. தார் ரோட்டுலேர்ந்தே தெரியும்."

"தெரியும், தெரியும். நானும் அந்தப் பக்கமாத்தான் தெனம் வரேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாத்ததயெல்லாம் எழுத முடியுமா? நீ எழுதுனியா?"

அவர் தலைவருக்குத் தொலைபேசினார். மறுமுனையில் வைரக்கண்ணுவின் குரல் இரக்கத்தோடு கேட்டது: பாவம், புள்ள சீரியசா இருக்கு, மனசு நெலையா இல்ல, ஒரு டீ வாங்கிக் குடுத்து பஸ் ஏத்திவிடுங்க. தொலைபேசியை வைத்த கையோடு ஊரில் மேற்குத் தொட்டியைத் திறந்துவிட்டு, பத்துப் பேர் உள்ளே இறங்கி, பிளீச்சிங் தூளும் மஞ்சளும் போட்டு மூன்று முறை தேய்த்தார்கள். அது வழக்கமான சுத்தம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவளை யாரும் அடிக்கவில்லை, ஒரு சொல் ஏசவில்லை. ஏசினால் எதற்கு ஏசினோம் என்று சொல்ல வேண்டிவரும். பேருந்திலிருந்து இறங்கியதும் அவள் தேநீர்க்கடையின் முன்னே நின்று, நான்தான் கொட்டினேன், நான்தான் கையை விட்டேன், தைரியமிருந்தால் வந்து கேளுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள். வெயில் ஜாஸ்தி, வீட்டுக்குப் போம்மா என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் நாளிதழின் பக்கத்தைத் திருப்பினார்.

கவிநயா புதன்கிழமை நண்பகலில் இறந்தாள். நேர்ப்பாதை வழியே, யார் காலிலும் சேறு படாமல், பாடை சரியாமல் தூக்கிச்சென்றார்கள். இத்தனை சிறிய பாடைக்கு அந்தப் பாதை மிக அகலமாக இருந்தது. தலைவரும் மாலையோடு வந்து, பாதையின் நடுவில் நின்று, கைகூப்பினார். மாசிலாமணி வழியெங்கும் தரையைப் பார்த்தே நடந்தார்.

அடுத்த புதன்கிழமை அஞ்சுகம் வேலைக்கு வந்தாள். மதிவாணன் அவளை விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார், அவள் கேட்கவில்லை. மாதாந்திர அறிக்கைத் தாளை அவர் நீட்டினார், தேதி, வீடுகளின் எண்ணிக்கை, தொட்டிகளின் எண்ணிக்கை, கையெழுத்து. அவள் இரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அவர் வாங்கிப் பார்த்தார், நான்காக மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வேறொரு தாளை நீட்டினார். அவள் அதிலும் இரண்டு என்று எழுதினாள். மேசை விளிம்பில் வைக்கோல் வளையக் கொசு ஒன்று வந்து உட்கார்ந்து, அவர் கையைத் தாண்டி அவள் கைக்குப் போயிற்று. அவள் அதை அடிக்கவில்லை, எழுதுவதையும் நிறுத்தவில்லை.

"போதும் அஞ்சுகம்," என்றார் மதிவாணன், உண்மையான வருத்தத்தோடு.

அவள் மூன்றாவது தாளுக்குக் கை நீட்டினாள், அவர் கொடுத்தார். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவரிடம் தாள்கள் நிறைய இருந்தன.